கரண்ட் போன பிறகு மிச்சமிருப்பது: மூன்று கேம் பெட்டிகள்

புதிய வீட்டில் டிவி சுவரில் ஏறிவிட்டது. அதன் கீழே ஒரு பலகை. செட்டாப் பாக்ஸும் மோடமும் போக, அதில் இன்னும் ஒரு பெட்டிக்குத்தான் இடம். என்னிடம் இருப்பவையோ மூன்று. 1994இல் அப்பா சென்னை பர்மா பஜாரிலிருந்து வாங்கிவந்த, கேசட் போட்டு விளையாடும் டிவி கேம். 2001இல் தெரிந்தவர் ஒருவரிடம் பழையதாக வாங்கிய முதல் பிளேஸ்டேஷன். வேலைக்குச் சேர்ந்து கையில் வந்த முதல் போனஸில் வாங்கிய பிளேஸ்டேஷன் 2. எது பலகைக்கு, எது பரணுக்கு என்று முடிவு செய்ய ஒரு வாரம் மூன்றையும் மாற்றி மாற்றி இணைத்து விளையாடிப் பார்த்தேன்.

படத்தின் தெளிவை வைத்துப் பார்த்தால் தீர்ப்பு ஒரு நொடியில் முடிந்துவிடும். புதியது பழையதை வெல்லும். அந்தப் போட்டியில் எனக்கு அக்கறை இல்லை. கும்பகோணத்தில் வளர்ந்தவனுக்கு, ஆட்டத்தின் நடுவே கரண்ட் போவது ஐப்பசியில் மழை வருவதுபோல வழக்கமான ஒன்று. ஆகவே என் முதல் கேள்வி வேறு: கரண்ட் போய்த் திரும்பி வந்தால் இந்தப் பெட்டியில் என்ன மிச்சமிருக்கும்?

கேசட் பெட்டியில் ஒன்றுமே மிச்சமிருக்காது. ஜப்பானில் 1983 ஜூலையில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிலி கம்ப்யூட்டரின் நகல் அது. ரஷ்யாவில் 'டெண்டி' என்ற பெயரில் ஒரு தலைமுறையையே வளர்த்ததும் இதே நகல் வகைதான். அசல் கருவியின் செயலி 1.79 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. வேலை செய்யும் நினைவகம் வெறும் 2 கே.பி. தமிழ் யூனிகோடில் ஓர் எழுத்துக் குறிக்கு வழக்கமாக மூன்று பைட் வேண்டும் என்பதால், இந்தக் கட்டுரையின் முதல் இரண்டு பத்திகளைக்கூட அதில் அடைக்க முடியாது. அந்த இடத்துக்குள்தான் நாங்கள் வாழ்ந்தோம். 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டு கேசட்டில் பிடிக்கும் இடம் மொத்தமே 40 கே.பி. அதில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம். ஒன்றுக்கு வெள்ளை, மற்றதற்குப் பச்சை. இதை யாரோ சொல்லிக் கேட்டு, மறுபடி ஓடவிட்டு நேரில் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட மரியாதை இன்றுவரை குறையவில்லை.

எட்டு உலகங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு, ஆக 32 கட்டங்கள். அணைந்துவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி கிடையாது. எட்டாவது உலகத்தில் நிற்கும்போது மின்விசிறி மெதுவாகும், திரை ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி அணையும். தம்பி ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைக்கவே மாட்டான். இருட்டிலும் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பான். கரண்ட் வந்ததும் மறுபடி முதல் உலகத்தின் முதல் கட்டம். ஆனால் அதற்குள் வழி எங்கள் விரல்களுக்குப் பழகியிருந்தது. இரண்டாம் கட்டத்தில் செங்கல் கூரைக்கு மேலேறி ஓடினால் குழாய் அறை, அங்கிருந்து நேரே நான்காம் உலகம். அதன் இரண்டாம் கட்டத்தில் கொடி முளைக்கும் செங்கலை முட்டினால் அங்கிருந்து எட்டு. பத்து நிமிடத்தில் விட்ட இடத்துக்கே திரும்பிவிடுவோம். போன மாதம், ஏறக்குறைய 25 ஆண்டு இடைவெளிக்குப் பின் ஆடியபோது, கொடி எந்தச் செங்கலில் இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. கை நேராக அங்கே போய் முட்டியது.

'கான்ட்ரா' என்ற சுடும் விளையாட்டில் முப்பது லைஃப் தரும் பட்டன் ரகசியமும் அப்படித்தான்: மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ, 1986இல் 'கிரேடியஸ்' விளையாட்டைச் சோதிக்கும்போது தனக்கே கடினமாக இருந்ததால் உருவாக்கிய குறுக்குவழி அது. தம்பி அதைத் தினசரி காலண்டர் தாள் ஒன்றின் பின்புறம் அம்புக்குறிகளாக வரைந்து, கேசட் டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்தான். தாள் இன்னும் இருக்கிறது. மடிப்பில் கிழிந்திருக்கிறது, அவ்வளவே.

இந்தப் பெட்டியின் குறைகளையும் மறைக்க மாட்டேன். கேசட்டில் அச்சிட்ட '9999 இன் 1' பொய். உள்ளே இருப்பவை சில விளையாட்டுகள், மற்றவை அவற்றின் கட்டங்களுக்குச் சூட்டிய புதுப் பெயர்கள். படம் வராதபோது கேசட்டை எடுத்து வாயால் ஊதுவோம். ஊதினால் மூச்சின் ஈரம் உலோகப் பற்களை அரிக்கும் என்று நிண்டெண்டோவே எச்சரித்திருக்கிறது. கழற்றி மறுபடி செருகியதுதான் உண்மையில் வேலை செய்தது. இப்போது பென்சில் ரப்பரால் அந்தப் பற்களை மெதுவாகத் தேய்த்தேன். கரி படிந்த கோடுகள் பித்தளை நிறத்துக்குத் திரும்பின, முதல் முறையிலேயே படம் வந்தது.

இந்தப் பெட்டியின் வாத்து சுடும் துப்பாக்கிதான் புதிய டிவியில் தோற்றது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கியிலிருந்து எதுவும் பாய்வதில்லை; அதன் முனையிலுள்ள உணரி அந்த வெள்ளையைக் கண்டதா என்பதே கணக்கு. பழைய படக்குழாய் டிவி அந்த வெள்ளையைத் தாமதமின்றிக் காட்டும். எல்.இ.டி. டிவி படத்தைச் செப்பனிட்டுக் காட்டுவதற்குள் நேரம் கடந்துவிடும். அரை மணி நேரம் சுட்டேன், ஒரு வாத்தும் விழவில்லை.

முதல் பிளேஸ்டேஷனுக்கு வருவோம். நிண்டெண்டோவுக்கு சி.டி. கருவி செய்து தர இருந்த கூட்டு 1991இல் முறிந்ததும், பொறியாளர் கென் குடராகியின் முனைப்பில் சோனி தனியாகவே இறங்கி 1994 டிசம்பரில் வெளியிட்ட கருவி. 40 கே.பி. மாரியோவிலிருந்து 650 எம்.பி. குறுந்தகடு. எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய புரட்சி மெமரி கார்டு. தீப்பெட்டி அளவு, 128 கே.பி., பதிவுகளை வைக்க 15 கட்டங்கள். முதன்முறையாக, கரண்ட் போனாலும் நாங்கள் செய்தது அழியவில்லை.

அழியாததால் சண்டையும் வந்தது. கேசட் பெட்டியில் யாருக்கும் எதுவும் சொந்தமில்லை. இங்கே 15 கட்டங்களை இரண்டு பேர் பங்கிட வேண்டும். எனக்கு எட்டு, தம்பிக்கு ஏழு என்று நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். 'ரெசிடென்ட் ஈவில்' இன்னும் ஒரு படி மேலே போனது: பதிவு செய்யத் தட்டச்சு இயந்திரம் இருக்கும் அறைக்குப் போக வேண்டும், கையில் மை நாடா வேண்டும், நாடாவோ எண்ணிக்கையில் குறைவு. சேமிப்பது என்பதையே செலவாக்கிய விளையாட்டு. இதைவிட நேர்த்தியான அச்சமூட்டும் உத்தியை நான் வேறு எந்த விளையாட்டிலும் கண்டதில்லை. நாங்கள் முதலில் வாங்கியது பெயரில்லாத மலிவுக் கார்டு. பதிவாகும் நொடியில் ஒரு நாள் கரண்ட் போய், 15 கட்டங்களும் ஒரேயடியாகப் போயின. ஒன்றுமே சேமிக்காத பெட்டி ஒரு நாளும் அப்படி அழவைத்ததில்லை.

இன்றைய கண்ணுக்கு மூன்றில் மோசமாக வயதாகியிருப்பதும் இதுதான். மாரியோவின் சதுரப் புள்ளிகள் கோலப் புள்ளிகள்போல இன்றும் துல்லியமாக நிற்கின்றன. பிளேஸ்டேஷனின் முப்பரிமாணச் சுவர்களோ நாம் நடக்கும்போது நெளிகின்றன, நடுங்குகின்றன. முனைகளின் இடத்தை முழு எண்களாக வெட்டிக் கணக்கிட்டதும், மேற்பரப்புப் படங்களை ஒட்டும்போது தொலைவைக் கருதாததும் அதற்குக் காரணம். கருவியின் உடலும் அப்படியே. ஆரம்ப மாடல்களில் லேசர் நகரும் பகுதி தேய்ந்துபோவதால், பெட்டியையே தலைகீழாகக் கவிழ்த்து ஓட்டியவர்கள் உலகமெங்கும் உண்டு. 'டெக்கன் 3' மட்டும் விதிவிலக்கு. 1998இல் வந்த அந்தச் சண்டை இன்றும் வேகம் குறையாமல், கூர்மையாக இருக்கிறது. அதைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

பிளேஸ்டேஷன் 2 பற்றிக் குறைவாகவே சொல்கிறேன். அதை அறியாதவர் குறைவு. 2000 மார்ச்சில் ஜப்பானில் வந்து, 2013 தொடக்கம் வரை உற்பத்தியில் இருந்தது. 16 கோடிக்கு மேல் விற்று இன்றும் முதலிடத்தில் நிற்கிறது. டி.வி.டி. படமும் ஓடும் என்பதால் வீட்டில் அனுமதி கேட்பது எளிதாயிற்று. ஹைதராபாத்தில் உருவான 'ஹனுமான்: பாய் வாரியர்' 2009இல் இதற்குத்தான் வந்தது. ஊரில் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று வாடகைக்கு ஆடவிடும் கடைகளில் மல்யுத்த விளையாட்டுக்கு முன் பையன்கள் முறை காத்து நின்றதும் இதன் முன்னால்தான்.

நினைவு என்ற என் அளவுகோலில் இது மற்ற இரண்டையும் தாண்டுகிறது. கார்டு 8 எம்.பி., பழையதைப்போல 64 மடங்கு. சுவிட்சைப் போட்டதும் இருட்டில் கண்ணாடித் தூண்கள் சில எழும்புமே, அவை வெறும் அலங்காரமல்ல. கார்டில் பதிவான வரலாற்றைப் படித்து, எத்தனை விளையாட்டுகள் ஆடினோம், எவற்றை அடிக்கடி ஆடினோம் என்பதற்கேற்ப அத்தூண்களின் எண்ணிக்கையும் உயரமும் மாறும். மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்ட 2012இல், 'சான் ஆண்ட்ரியாஸ்' ஆடியபோது பாதுகாப்பு வீட்டுக்குத் திரும்பிப் பதிவு செய்வதற்குள் எத்தனையோ முறை எல்லாம் இருண்டிருக்கிறது. மீண்டும் போடும்போது அந்தத் தூண்கள் மட்டும் அப்படியே நிற்கும்.

முடிவைத் தந்தது இன்னொரு விவரம். தடித்த மாடல் பிளேஸ்டேஷன் 2க்குள், உள்ளீடு வெளியீட்டு வேலைகளைப் பார்த்துக்கொள்ள, முதல் பிளேஸ்டேஷனின் செயலியையே வைத்திருந்தார்கள். பழைய சி.டி.யைப் போட்டால் அந்தச் செயலி விழித்துக்கொண்டு தன் பழைய வேலையைச் செய்யும். பழைய மெமரி கார்டும் அதே துளையில் பொருந்தும்.

ஆகவே பலகையில் பிளேஸ்டேஷன் 2. கேசட் பெட்டியைத் துப்பாக்கியோடும் காலண்டர் தாளோடும் கும்பகோணத்துக்கு அனுப்புகிறேன். அங்கே படக்குழாய் டிவி ஒன்று இன்னும் ஓடுகிறது, அது ஓடும்வரை வாத்துகள் விழும். இங்கே எல்.இ.டி.யில் வைத்திருப்பது அதற்குச் செய்யும் அநியாயம். முதல் பிளேஸ்டேஷனைக் கேட்ட நண்பருக்குக் கொடுத்துவிட்டேன். அதன் சி.டி.க்களையும் கார்டையும் கொடுக்கவில்லை.

மலிவுக் கார்டு அழிந்த பிறகு வாங்கிய அசல் கார்டு அது. நேற்றிரவு அதைச் செருகி, 'கிரான் டூரிஸ்மோ' போட்டேன். தம்பியின் பதிவு திறந்தது. கொட்டகையில் வரிசையாக அவன் வென்ற பந்தயக் கார்கள். முதல் இடத்தில், எந்தப் பந்தயத்துக்கும் உதவாத, கையிருப்புக்குக் கட்டுப்படியானது என்று முதலில் வாங்கிய மாஸ்டா டெமியோ. காசுக்குத் திண்டாடிய நாட்களிலும் அவன் அதை விற்றிருக்கவில்லை. திரையைப் படமெடுத்து அனுப்பினேன். கோயம்புத்தூரிலிருந்து இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: "அண்ணா, அதை விற்றுவிடாதே."