தர்மபுரி நாலு ரோடு பக்கம் மீட்டர் ரிப்பேர் கடை: டீசல் முள்ளு ஆடுதுன்னா இங்க காட்டுங்க

கடை பேரு போட வேணாம்னு அந்த அண்ணனே சொல்லிட்டாரு, இருக்கற வேலைக்கே டைம் பத்தலையாம். நாலு ரோட்ல இறங்கி மீட்டர் கடைன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க.

நம்மளது பழைய டீசல் ஜீப். முள்ளு அரை டேங்க்ல நிக்கும், திடீர்னு E-க்கு விழும், ஒரு குலுங்கு குலுங்குனா திரும்ப ஏறும். தொப்பூர் கணவாய்ல லாரிங்களுக்கு நடுவுல டீசல் தீர்ந்து நின்னா என்னாகும்னு இந்த ஊர்க்காரங்களுக்கு சொல்லவே வேணாம், அதுவும் டீசல் வண்டி, காத்து வாங்கிருச்சுன்னா டீசல் ஊத்துனா மட்டும் ஸ்டார்ட் ஆகாது, ஏர் எடுக்கணும். முன்னாடி காட்டுன ஒரு இடத்துல கையே வைக்காம மீட்டரும் டேங்க் யூனிட்டும் (டேங்க்குள்ள டீசல் அளவைப் பார்த்து மீட்டருக்கு சொல்ற பாகம்) ரெண்டுமே மாத்தணும்னுட்டாங்க.

இந்த அண்ணன் பண்ணது வேற. முதல்ல டேங்க் யூனிட்ல வர்ற ஒயரை கழட்டுனாரு, முள்ளு E-ல படுத்துச்சு, அதே ஒயரை சேசிஸ்ல ஒரு செகண்ட் தொட்டாரு, நேரா F-க்கு போச்சு. "மீட்டரும் ஒயரும் நல்லா இருக்கு தம்பி, அதுக்கு செலவு பண்ணாத"ன்னாரு. ரொம்ப நேரம் தொட்டு வச்சா சில மீட்டர் உள்ள கருகிடுமாம், அதனால சும்மா தொட்டு எடுக்கணும். அடுத்து எர்த். யூனிட் தகட்டுல இருந்து சேசிஸுக்கு தனியா ஒரு ஒயர் போட்டு பார்த்தாரு, மாற்றம் இல்ல. எர்த் துருப்பிடிச்சிருந்தா ஓம்ஸ், அதாவது கரண்ட்டுக்கு இருக்கற தடை, கூடி, நம்ம வண்டி மாதிரி மீட்டர்ல இருக்கற டீசலை விட கம்மியா காட்டுமாம்.

அப்புறம்தான் யூனிட்டை வெளிய எடுத்தாரு. ஓம்ஸ் பார்க்க மல்டிமீட்டரை மாட்டி ஃப்ளோட் கையை (மிதவை மாட்டியிருக்கற தண்டு) மெதுவா, ரொம்ப மெதுவா மேல தூக்குனாரு, நம்பர் சீரா இறங்கிட்டே வந்து பாதிகிட்ட போனதும் டக்குனு காணாம போச்சு, கொஞ்சம் தள்ளுனா திரும்ப வருது. உள்ள சுத்தி இருக்கற மெல்லிசு கம்பி அந்த ஒரு இடத்துல தேஞ்சு போயிருக்கு, அவ்வளவுதான் விஷயம். பித்தளை ஃப்ளோட்டை காதுகிட்ட வச்சு ஆட்டுங்கன்னு குடுத்தாரு, உள்ள டீசல் சளக் சளக்னுது. சுடு தண்ணில முக்குனதும் ஊசி முனை அளவு ஓட்டைல இருந்து குமிழி வரிசையா வந்துச்சு. உள்ள இருந்ததை சுத்தமா வடிச்சு, காய வச்சு, அப்புறம்தான் பத்து வச்சாரு. பெட்ரோல் வண்டி ஃப்ளோட்னா பத்து வைக்கவே மாட்டாராம், புதுசுதான். இதுக்காகவே அவர் மேல மரியாதை வந்துருச்சு.

கம்பி சுத்துன பாகம் மட்டும் மாத்துனாரு. இங்க ஒண்ணு கவனிங்க, ஆன்லைன்ல வாங்கறவங்க ஏமாறுறது இதுலதான்: யூனிட்ல நிறைய ஜாதி இருக்கு, ஒண்ணு காலி டேங்க்ல 240 ஓம்ஸ் ஃபுல்லுல 33, இன்னொண்ணு காலில 10 ஃபுல்லுல 180. மாத்தி போட்டா முள்ளு தலைகீழா ஓடும். அவரு பழசை அளந்துட்டுதான் புதுசு எடுக்கறாரு.

கடைசியா சமதளத்துல வண்டியை நிறுத்தி, கேன்ல அஞ்சஞ்சு லிட்டரா ஊத்தி முள்ளு எங்க நிக்குதுன்னு குறிச்சு குடுத்தாரு, E-க்கு வந்தப்புறமும் கொஞ்சம் மிச்சம் இருக்கற மாதிரி ஃப்ளோட் கையை வளைச்சு வச்சிருக்காரு. மேட்டுல முள்ளு மாறத்தான் செய்யும், டேங்க்ல டீசல் ஒரு பக்கமா சாயுது, அதைப் பார்த்து பயப்பட வேணாம்.

குறைன்னா, லேட் ஆகும், காலைல விட்டா சாயந்திரம்தான், வண்டி நிறுத்த இடமும் கம்மி. காசு புதுசு ரெண்டும் வாங்குறதுல பாதி கூட வரல. போறவங்க டேங்க்கை கால்வாசிக்கு கீழ வச்சுட்டு போங்க, சைடுல யூனிட் இருக்கற டேங்க்னா கழட்டும்போது டீசல் பூரா ரோட்ல ஊத்திரும்.