லாரித் தண்ணீருக்குச் சரி, போர் தண்ணீருக்கு?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆர்.ஓ. இயந்திரத்தில் சாதாரண மெம்பிரேனை (நீரை வடிகட்டும் சவ்வு) எடுத்துவிட்டு, பாலிவினைல் ஆல்கஹால் பூச்சுள்ளதை மாட்டியிருக்கிறோம். நீரை உறிஞ்சி உப்பி நிற்கும் அந்தப் பூச்சு ஒரு ஹைட்ரோஜெல். உப்பை வடிகட்டுவது அடியிலிருக்கும் பாலிஅமைடு படலம்தான். இலைதழை மட்கிய கறையும் கிருமிப் பிசுக்கும் அதன்மேல் எளிதில் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே பூச்சின் வேலை. லாரித் தண்ணீருக்கு இது பிரமாதம். முன்பெல்லாம் கோடையில் குழாய் நூல்போல ஒழுகும். இப்போது குடம் சீக்கிரம் நிறைகிறது.

ஆனால் விற்றவர் ‘இனிக் கழுவவே வேண்டாம்’ என்றாரே, அதை நம்பாதீர்கள். போர் தண்ணீரின் சுண்ணாம்பு படிவதை இந்தப் பூச்சு பெரிதாகத் தடுப்பதில்லை. அதற்கு ஆன்டிஸ்கேலன்ட் மருந்தோ அமிலக் கழுவலோ வேண்டும். குளோரினும் பாலிஅமைடுக்குப் பகை; அதை முன்னதாகவே பிடித்துக்கொள்ளும் கார்பன் வடிகட்டியைக் காலத்தில் மாற்றிவிடுங்கள்.

விலை கூடுதல்தான். (டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கும் வீடுகளுக்கு ஆர்.ஓ.வே எதற்கு என்பது என் கட்சி.) பொருளுக்கு 5க்கு 4 தருவேன். சர்வீஸ் ஆள் சொன்ன நாளில் ஒருமுறையும் வந்ததில்லை. அதற்காக இன்னொன்றையும் குறைத்து 3.