700 ரூபாய்க்கு 1 டிபி பென்டிரைவ்: சேலத்தில் வாங்குபவர்கள் கவனத்துக்கு

சேலம் புதிய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மொபைல் கடையில் என் சித்தப்பா 700 ரூபாய்க்கு ‘1 டிபி’ பென்டிரைவ் வாங்கினார். மகள் கல்யாண வீடியோ, போட்டோ எல்லாம் சேர்த்து 140 ஜிபி. காப்பி ஆனதும் லேப்டாப்பில் இருந்ததை அழித்துவிட்டார். ஏற்காட்டில் பாட்டிக்கு டிவியில் போட்டுக் காட்டினால் நிச்சயதார்த்தம் மட்டும் ஓடுகிறது. முகூர்த்தம் திறக்கவே இல்லை. ஃபைல் பெயர்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன.

கடையில் போய்க் கேட்டதற்கு, "கம்ப்யூட்டர் கணக்குல கொஞ்சம் குறையத்தான் செய்யுங்க" என்றார்கள். இந்தப் பதிலை நம்பி யாரும் திரும்பி வந்துவிடக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

குறைவாகக் காட்டுவது உண்மைதான். தயாரிப்பாளர்களுக்கு 1 டிபி என்றால் 1000 ஜிபி, அதாவது ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் அதையே 1024, 1024 ஆக வகுத்து 931 ஜிபி என்று காட்டும். 64 ஜிபி போட்டால் 59 சொச்சம். ஒரு பைட்டும் தொலைவதில்லை, அளக்கும் படிதான் வேறு. ஜிபியாகக் காட்டினால் சுமார் 7 சதவீதம், டிபியாகக் காட்டினால் 9 சதவீதம், அவ்வளவுதான் வித்தியாசம். போட்ட ஃபைல் இதனால் ஒருபோதும் கெடாது.

நாங்கள் வாங்கியதில் நடந்தது வேறு. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் சோதித்தோம். உள்ளே இருந்தது 32 ஜிபி சிப். கன்ட்ரோலரில், அதாவது பென்டிரைவை இயக்கும் சிப்பில், பொய்யான அளவை எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் விண்டோஸும் 931 என்றே காட்டியது, காப்பியும் எந்தத் தடங்கலும் இல்லாமல் முடிந்தது. 32க்கு மேல் போனதெல்லாம் எங்கும் பதியவே இல்லை. ப்ராப்பர்ட்டீஸில் பார்த்துத் திருப்திப்படுவதில் பயனில்லை என்பது இதனால்தான்.

புதிதாக எது வாங்கினாலும், மெமரி கார்டு உட்பட, காலியாக இருக்கும்போதே இந்தச் சோதனையைப் போடுங்கள். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3 இருக்கிறது. இந்த மென்பொருள்கள் பென்டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படிக்கும், பல மணி நேரம் ஆகும், ஆகட்டும். அதுவரை மூலத்தை அழிக்காதீர்கள். நல்ல 1 டிபி பென்டிரைவ் சில ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்து கிடைக்காது.

பில் கேட்டு வாங்குங்கள். சித்தப்பாவுக்குத் தரவில்லை, இப்போது கடையில் "எங்ககிட்ட வாங்கினதே இல்லை" என்கிறார்கள். பில் இருப்பவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம்.