பச்சோந்திக் கூண்டுக்கு எந்த விளக்கு? டியூப், சுருள் பல்பு, ஹாலஜன், செராமிக்: ஓர் அலசல்

பச்சோந்தி வாங்குபவர்கள் கூண்டுக்கும் செடிகளுக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு, விளக்கு என்று வரும்போது மட்டும் கையைப் பிடிப்பார்கள். அதிலும் ஒரு வேடிக்கை. சூட்டுக்கான பல்பை விலை கூடியதாகத் தேடி வாங்கி, யூவிபி (புற ஊதா-பி கதிர்) விளக்கில் மிச்சம் பிடிப்பார்கள். என் கணக்கில் இது தலைகீழாக இருக்க வேண்டும். சூட்டுக்கு மலிவான பல்பே போதும். யூவிபிக்குப் போதாது.

சூடு கூடினாலும் குறைந்தாலும் அடியில் கையை வைத்தாலே தெரிந்துவிடும். யூவிபி கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. பளிச்சென்று எரிகிற விளக்கில் அது துளியும் இல்லாமல் இருக்கலாம். சுமார் 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான அந்தக் கதிர் பட்டால்தான் தோலில் வைட்டமின் டி3-க்கு முந்தைய பொருள் உருவாகும். உடம்புச் சூட்டில் அது டி3 ஆக மாறும். டி3 இல்லாவிட்டால் இரைப்பூச்சி மேல் எவ்வளவு கால்சியம் பொடி தூவிக் கொடுத்தாலும் உடம்பில் சேராது. எலும்பு மெலிந்து கால் வளையும், தாடை இளகும், கிளையைப் பற்றும் பிடி தளரும், நாக்கை வீசி இரை பிடிக்க முடியாமல் போகும். மெட்டபாலிக் போன் டிசீஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

ஒரே பல்பா, தனித்தனியா?

மெர்குரி வேப்பர் பல்பு சூடு, வெளிச்சம், யூவிபி மூன்றையும் சேர்த்தே தருகிறது. ஒரு ஹோல்டர் மாட்டினால் வேலை முடிந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை டிம்மரில் குறைக்க முடியாது. சூடு அதிகம் என்று பல்பை உயர்த்தினால் யூவிபியும் கூடவே குறைந்துவிடும். கொளுத்தும் வெயிலுக்குப் பழகிய பாலைவனப் பல்லிக்கு, பெரிய கூண்டில் அது சரிப்படும். 2 அடி அகலக் கூண்டில், 30 டிகிரி செல்சியஸைத் தாண்டாத இடத்தில் வெயில் காய வேண்டிய பச்சோந்திக்கு அது சரிப்படாது. இரண்டையும் தனித்தனியாக வைத்து, ஒன்றைத் தொடாமல் மற்றதை மாற்ற முடிகிற ஏற்பாடுதான் நல்லது.

யூவிபி: டியூபா, சுருள் பல்பா?

சுருள் பல்பின் ஒரே பலம் விலை. 2000-களில் வந்த சில சுருள் பல்புகள் தேவையில்லாத குறுகிய அலைக் கதிரையும் உமிழ்ந்து பல்லிகளின் கண்ணைப் பாதித்தன. இப்போது வருபவற்றின் குறை வேறு. சில அங்குலம் தள்ளிப் போனாலே வீரியம் சரிந்துவிடுகிறது. பச்சோந்தி தன் பக்கவாட்டு உடம்பைத் தட்டையாக்கி வெளிச்சத்துக்குக் காட்டும் பிராணி. சுருள் பல்புக்கு அடியில் அதன் தலைக்குக் கிடைப்பது வாலுக்குக் கிடைக்காது. நீள டியூப் உடம்பு முழுவதும் ஒரே சீராகப் படும்.

டியூபிலும் டி8, டி5 என்று இரண்டு. டி8 ஓர் அங்குல விட்டம், டி5 அதில் எட்டில் ஐந்து பங்கு. மெலிந்த டி5 எச்ஓ (ஹை அவுட்புட், அதாவது அதிக வீரியம்) தான் வீரியமானது. கூண்டின் மேல் வலையே யூவிபியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும், வலை நெருக்கமாக இருந்தால் பாதியைக்கூட விழுங்கும். அந்த இழப்புக்குப் பிறகும் டி5-இல் போதுமான அளவு மிஞ்சும். டி8-இல் மிஞ்ச வேண்டுமானால் கிளையை விளக்குக்கு மிக அருகில் கட்ட வேண்டியிருக்கும். டி8-ஐ ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள், டி5 ஏறக்குறைய ஒரு வருடம் தாங்கும். அதனால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் டி8 அவ்வளவு மலிவும் இல்லை. குட்டிகளுக்கான சின்னக் கூண்டில் வேண்டுமானால் அதை வைக்கலாம்.

எவ்வளவு வீரியம்? வெய்ல்டு, பேந்தர் என்ற பச்சோந்தி வகைகளுக்கு வெயில் காயும் இடத்தில் யூவி குறியீடு 3 அளவில் இருந்தால் நல்லது. ஆர்காடியா 6 சதவீதம் அல்லது ஜூ மெட் ரெப்டிசன் 5.0 டி5-ஐ (இந்த எண்கள் அந்தந்த நிறுவன டியூபின் யூவிபி வீரியத்தைக் குறிப்பவை) வலைக்கு மேல் வைத்தால், பிராணியின் முதுகு 6 முதல் 9 அங்குலம் கீழே இருக்க வேண்டும். கவனியுங்கள், முதுகு. கிளை இன்னும் இரண்டு மூன்று அங்குலம் தாழ்வாக இருக்கும். அவற்றைவிட வீரியம் கூடிய 12 சதவீதமும் 10.0-வும் உயரமான கூண்டில் கிளையை நன்றாக இறக்கிக் கட்டுகிறவர்களுக்கு. யூவி குறியீட்டை அளக்கும் சோலார்மீட்டர் 6.5 கருவி கையில் கிடைத்தால் ஊகத்துக்கே வேலை இல்லை. விலை அதிகம், நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

யூவிபி எல்ஈடி புதிதாக வந்துகொண்டிருக்கிறது. மின்சாரம் மிச்சம்தான், ஆனால் அதன் அலைப்பட்டை குறுகலானது, சூரியனைப் போல அகன்றது அல்ல. நான் இன்னும் சில காலம் பொறுத்துப் பார்ப்பேன்.

அடர்ந்த இலை நிழலும் கட்டாயம். உணவில் டி3 குறைந்த பேந்தர் பச்சோந்திகள் தாமாகவே யூவிபி அதிகமுள்ள இடத்தில் கூடுதலாக நின்றன என்று 2009-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நிற்பதா ஒதுங்குவதா என்று முடிவெடுக்க அதற்கு இடம் வேண்டும்.

சூட்டுக்கு எது?

இங்கே அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 40 அல்லது 60 வாட் குண்டு பல்பு, ஒரு டோம் ரிஃப்ளெக்டர், ஒரு டிம்மர். ஹாலஜனும் நல்லதுதான், சூடு ஆழமாக இறங்கும். ஆனால் ஸ்பாட் வகை ஹாலஜன் ஒரே புள்ளியில் குவிந்து சுடும். உச்சிக்கொண்டையிலும் முதுகு முகட்டிலும் தீக்காயம் வருவது பெரும்பாலும் இப்படித்தான். பல்பை வலையில் படுக்க வைக்காமல் சில அங்குலம் உயர்த்துங்கள். பச்சோந்தி வலையிலேயே தொங்கிக்கொண்டு பல்புக்கு நேர் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் தெளிக்கும்போது சூடான கண்ணாடியில் துளி பட்டால் வெடிக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

செராமிக் ஹீட்டரில் வெளிச்சமே இல்லை. வெளிச்சத்தைத் தேடி வந்து காயும் பிராணிக்குப் பகலில் அதனால் பயனில்லை. இரவில் அறை மிகவும் குளிர்ந்தால் மட்டும், தெர்மோஸ்டாட்டோடு. வழக்கமாக அதுவும் தேவைப்படாது. இரவில் 18, 20 டிகிரிக்கு இறங்குவது வெய்ல்டுக்கும் பேந்தருக்கும் நல்லதே. மலைவாசியான ஜாக்சன் வகைப் பச்சோந்தி இன்னும் குளிரைத் தாங்கும். சிவப்பு, நீல இரவு பல்புகள் அதன் தூக்கத்தைத்தான் கெடுக்கும். சூடேறும் கல், அடியில் ஒட்டும் பேட் எல்லாம் மரத்தில் வாழும் பிராணிக்குச் சம்பந்தமே இல்லாதவை.

வெயில் காயும் இடத்தில் ஆண் வெய்ல்டு, பேந்தருக்கு 29 டிகிரி. பெண் வெய்ல்டு, ஜாக்சன், குட்டிகளுக்கு 26, 27 போதும். பெண் வெய்ல்டைக் கூடுதல் சூட்டில் வைத்து அதிகமாகத் தீனியும் போட்டால், அது அளவுக்கு மீறி முட்டை வைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளும்.

சூட்டு பல்பும் டியூபும் ஒரே கிளைக்கு மேல் அடுத்தடுத்து இருக்கட்டும். டியூபை டைமரில் பன்னிரண்டு மணி நேரம் விடுங்கள், அதை டிம்மரில் இணைக்காதீர்கள். சூட்டு பல்பு காலையில் சில மணி நேரம் எரிந்தால் பல நேரங்களில் போதும். அறையே 29 டிகிரி இருக்கும் நாளில் அதை அணைத்தே வைக்கலாம். டியூபை அணைக்கக் கூடாது.

நேரடி வெயில் கிடைத்தால் இந்த விளக்குகள் எல்லாமே அதற்கு அப்புறம்தான். ஆனால் ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலைக் கணக்கில் சேர்க்காதீர்கள், கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும். வெளியே வைப்பதென்றால் நான்கு பக்கமும் வலை உள்ள கூண்டில், பாதிக்கு மேல் நிழல் விழும்படி வையுங்கள். கண்ணாடித் தொட்டியில் வைத்து வெயிலில் விட்டால் சில நிமிடங்களிலேயே உள்ளே வெந்துபோகும்.