வேலூர் சி.எம்.சி: பெற்றோரையும் கலந்து பேசித் தரப்பட்ட சிகிச்சை

குடியாத்தத்தில் இருக்கும் என் தங்கையின் ஆறு வயது மகனுக்கு அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா என்னும் ரத்தப் புற்றுநோய் உறுதியானபோது, 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சேர்த்தோம். பெற்றோரை அங்கே எந்த அளவுக்குக் கலந்து பேசினார்கள் என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

கீமோ (புற்றுநோய்க்கான) மருந்தை ஒவ்வொரு முறையும் கை ரத்தக் குழாயில் ஊசி குத்திச் செலுத்துவதா, மருந்து செலுத்த மார்புத் தோலுக்கடியில் போர்ட் என்னும் சிறு கருவியைப் பொருத்துவதா என்ற கேள்வி வந்தபோது, மருத்துவர் அந்தச் சிறு கருவியைத் தங்கையின் கையிலேயே கொடுத்து, ஊசி வலி குறையும் என்பதோடு, மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்ய வேண்டும், கிருமித் தொற்று வரலாம், செலவும் கூடும் என்பதையும் மறைக்காமல் விளக்கினார். "வீட்டுல பேசிட்டு நாளைக்குச் சொல்லுங்கம்மா" என்று அவகாசமும் தந்தார். முதலில் காட்டிய வேறோர் இடத்தில் ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கியதோடு சரி.

இச்சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீள்வதாலும், நோய் திரும்பாமலிருக்கத் தொடரும் பராமரிப்புக் கட்டத்தில் மெர்காப்டோப்யூரின் என்னும் கீமோ மாத்திரையை அன்றாடம் வீட்டிலேயே கொடுக்க வேண்டியிருப்பதாலும், ஏன் கொடுக்கிறோம் என்பது தாய்க்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். புதிதாகச் செல்பவர்கள் சந்தேகங்களை நோட்டில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். தந்தையும் கட்டாயம் உடன் இருக்கட்டும்.