மடக்குக் கத்திக்குக் கிளிப் மாற்றித் தரும் கடைகளிடம் கவனம்: பினாங்கு நண்பர்களுக்கு

பெரிய மடக்குக் கத்தியைக் காற்சட்டைப் பாக்கெட்டில் உறுத்தாமல் வைத்துக்கொள்ள, கத்தியைப் பாக்கெட் ஓரத்தில் மாட்டிப் பிடிக்கும் கிளிப்பை மாற்றக் கொடுக்க நினைப்பவர்கள் இதை முழுக்கப் படித்துவிடுங்கள். ஜார்ஜ் டவுனில் ஒரு கடை எனக்குச் செய்து கொடுத்த வேலையால் வலது கையில் இரண்டு விரல்களுக்குத் தையல் போட வேண்டியதாயிற்று. நான் கத்தியைத் திறக்கவே இல்லை. சாவி எடுக்கக் கையை விட்டேன். அது பாக்கெட்டுக்குள் தானாகத் திறந்து கிடந்தது.

கடையின் பெயரைக் கேட்டு யாரும் எழுத வேண்டாம். விவகாரம் பயனீட்டாளர் திரிபுனலுக்கு, அதாவது வாடிக்கையாளர் வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறது. அங்கே சொல்ல வேண்டியதை அங்கே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் இதே வேலையை இதே மாதிரி செய்து கொடுக்கும் ஆட்கள் வேறு இடங்களிலும் இருக்கலாம். அதனால் என்ன நடந்தது, எங்கே தவறு, காசு கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதை விவரமாக எழுதுகிறேன்.

எனக்குத் தோட்டப் பராமரிப்பு வேலை. பாயான் லெப்பாஸ் பக்கம் தொழிற்சாலைகள், அடுக்குமாடி வீடுகள், சில நேரம் பாலிக் புலாவில் பழத்தோட்டங்கள். உர மூட்டையைக் கிழிப்பது, நைலான் கயிறு அறுப்பது, தண்ணீர்க் குழாய் வெட்டுவது, காய்ந்த ஓலையைச் சீவுவது என்று நாள் முழுக்கக் கத்தி வேண்டும். கையுறை போட்ட கையால் சின்னப் பேனாக்கத்தியைப் பிடிக்க முடியாது. ஆகவே மடக்கினால் 13 சென்டிமீட்டர், அலகு 10 சென்டிமீட்டர், எடை 200 கிராமுக்குப் பக்கம் வரும் ஒரு கத்தியை 280 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து அந்தக் கடையில் வாங்கினேன். கத்தி நல்ல கத்திதான். அதில் எனக்குக் குறை இல்லை.

அந்த அளவுக் கத்தியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மோட்டார் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தொல்லை தெரியும். கிளிப் இல்லாமல் போட்டால் கத்தி குறுக்கே படுத்துவிடும். உட்காரும்போது தொடை மடிப்பில் குத்தும். கிளிப் இருந்தால் பாக்கெட்டின் பின்பக்கத் தையலை ஒட்டி நேராக நிற்கும். நடக்க, குனிய, உட்கார அதுதான் வசதி. ஆனால் என் கத்தியில் கிளிப், அலகு திரும்புகிற மூட்டுப் பக்கத்தில் இருந்தது. அதாவது அலகின் முனை கீழே பார்க்க நிற்கும் அமைப்பு. அதில் கைப்பிடியின் மேல்பகுதி பாக்கெட்டுக்கு வெளியே நன்றாக நீட்டிக்கொண்டு நிற்கும். மோட்டாரில் உட்கார்ந்தால் அந்த முனை இடுப்பில் இடிக்கும், லோரி இருக்கையைக் கீறும், பார்க்கிறவர்கள் கண்ணிலும் படும்.

இதைக் கடைக்காரரிடம் சொன்னபோது அவர் சொன்னது: "அண்ணே, என்கிட்ட விடுங்க. கிளிப்ப அந்தப் பக்கக் கடைசிக்கு மாத்தி, ஆழமா உக்கார வச்சுத் தரேன். சிலுவார் பாக்கெட்ல கத்தி இருக்கிறதே உங்களுக்குத் தெரியாது. நெறைய பேருக்குச் செஞ்சு குடுத்திருக்கேன்." கூலி 60 வெள்ளி. மறுநாள் வாங்கிக்கொண்டேன். கையில் கொடுக்கும்போது கட்டை விரலால் லேசாகத் தட்டி அலகைத் திறந்து காட்டினார். "பாருங்க, மூட்டு ஸ்குருவையும் லூஸ் பண்ணி விட்டிருக்கேன், வெண்ணெய் மாதிரி திறக்குது" என்றார். நான் கேட்காத வேலை அது. விரலில் வெட்டுப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. பாக்கெட்டில் உண்மையாகவே வசதியாகத்தான் இருந்தது. பிறகு ஒரு மத்தியானம் மூட்டைகளை இறக்கிவிட்டு லோரிச் சாவி எடுக்கக் கையை விட்டேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நேராகக் கூரில் போய் விழுந்தன. ரத்தம் துணியில் இறங்கிய பிறகுதான் வலி தெரிந்தது. அரசாங்க மருத்துவமனையில் தையல் போட்ட டாக்டர் ஒவ்வொரு விரல் நுனியையும் தொட்டுத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். நரம்பு அறுபடவில்லை. நான் கை வைத்துப் பிழைக்கிறவன். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு இருந்த பயம் கொஞ்சமல்ல.

கத்தியைப் பிறை ஊர்ப் பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் கொண்டுபோனேன். பிரித்துப் போட்டுக் காட்டினார். அவர் சொன்னதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

என் கத்தி லைனர் லாக் வகை, அதாவது திறந்த அலகைக் கைப்பிடிக்குள் இருக்கும் ஒரு தகடு வந்து பூட்டும். மூடிய அலகைப் பிடித்து வைப்பது அந்தப் பூட்டு அல்ல. இந்த வகைக் கத்தியில் பூட்டுத் தகட்டில் மிகச் சிறிய எஃகு உருண்டை ஒன்று பதித்திருப்பார்கள். அலகு முழுவதுமாக உள்ளே போய் உட்கார்ந்தால், அலகின் அடியில் உள்ள சின்னக் குழியில் அந்த உருண்டை விழும். மூடும்போது கடைசியில் ஒரு சின்ன 'டக்' கேட்கிறதே, அதுதான். அந்தப் பிடி மட்டுமே உங்கள் தொடைக்கும் கூருக்கும் நடுவில் நிற்கிறது.

என் கத்தியில் கைப்பிடியின் கடைசியில் கிளிப்புக்கான ஓட்டை கம்பெனி போட்டுத் தரவில்லை. கடைக்காரர் தானே துளைத்து, கையில் கிடைத்த ஸ்குருவைப் போட்டு முடுக்கியிருக்கிறார். அது தேவைக்கு மேல் நீளம். அதன் முனை உள்ளே துருத்திக்கொண்டு, மூடிய அலகின் நுனி வந்து படுக்கும் இடத்திலேயே நின்றது. அலகு அதில் முட்டி நின்றுவிட்டதால் கடைசி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகவில்லை. உருண்டை குழியில் விழவில்லை. பார்ப்பதற்கு மூடியிருக்கிற மாதிரி இருக்கும், ஆனால் அலகை எதுவும் பிடித்திருக்காது. நுனிக்குப் பக்கத்தில் கூர் நசுங்கியிருந்த இடத்தை நண்பர் பூதக்கண்ணாடியில் காட்டினார். அதற்கு மேல் மூட்டு ஸ்குருவையும் தளர்த்தி விட்டிருந்ததால், ஒரு குலுக்கலுக்கே அலகு வெளியே வர வழி கிடைத்துவிட்டது.

இதோடு முடியவில்லை. கிளிப்பை அவர் தவறான பக்கத்தில் போட்டிருந்தார். நான் வலது கைக்காரன், வலது பாக்கெட்டில்தான் வைப்பேன் என்று அவருக்குச் சொல்லியிருந்தேன். முனை மேலே பார்க்கும்படி வைக்கிற கத்தியில் கிளிப் சரியான பக்கத்தில் இருந்தால், மூடிய அலகின் முதுகு பாக்கெட்டின் பின்தையலை ஒட்டி நிற்கும். அலகு நகரப் பார்த்தாலும் தையல் தடுத்துவிடும். அதே பாக்கெட்டில் இடது கைக்காரருக்கான பக்கத்தில் கிளிப் இருந்தால் கத்தி திரும்பிக்கொள்கிறது. அலகின் முதுகு முன்பக்கம், கை நுழையும் வெற்றிடத்தைப் பார்த்து நிற்கிறது. தடுக்க எதுவும் இல்லை. கையை விட்டால் முதலில் தட்டுப்படுவதே அலகுதான்.

பாக்கெட் ஓரத்தில் கிளிப் மாட்டும் பழக்கத்தை 1981-இல் ஸ்பைடர்கோ என்ற கத்தி கம்பெனி தன் 'வொர்க்கர்' கத்தியோடு கொண்டுவந்தது. இன்று நான்கு இடத்தில் கிளிப் மாற்றலாம் என்று விற்கும் கம்பெனிகள், அந்த நான்கு இடத்திலும் ஓட்டையும் ஸ்குரு நீளமும் அலகில் படாதபடி கணக்குப் பார்த்துத்தான் அனுப்புகின்றன. அப்படி ஓட்டை இல்லாத கத்தியில் புதிதாகத் துளைப்பது வேறு வேலை. செய்யவே முடியாது என்று சொல்லவில்லை. தெரிந்தவர் அலகைக் கழற்றி, அளந்து, செய்ய வேண்டும். அறுபது வெள்ளிக்கு மறுநாளே கொடுக்கிற வேலை அல்ல.

கட்டுப் போட்ட கையோடு கடைக்குப் போனேன். முதலில் "கீழ விழுந்திருக்கும்ணே" என்றார். ஸ்குருவைக் காட்டியதும் "நாங்க போட்ட ஸ்குரு இது இல்ல" என்றார். ரசீதில் கிளிப் மாற்றிய கூலி எழுதியிருந்ததைக் காட்டியதும், சுவரில் ஒட்டியிருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற தாளைக் கை காட்டிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார். உள்ளே வேலை செய்த பையன் மட்டும் வாசல் வரை வந்து "சாரி அண்ணே" என்றான். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அந்தக் கடைக்காரர் சொன்ன இன்னொரு பொய் விரல் வெட்டை விடப் பெரியது. வாங்கும்போது "போலீஸ் நிறுத்தினா என்ன செய்ய?" என்று கேட்டேன். "ரசீதுல அலாட் பெர்க்கெமாஹான்னு, அதாவது முகாம் சாமான்னு எழுதித் தரேன். அதக் காட்டுங்க, ஒன்னும் கேக்க மாட்டாங்க. இல்லாட்டி மூணு இஞ்ச் கத்தி எடுத்துக்குங்க, அதுக்குச் சட்டமே கிடையாது" என்றார். இரண்டுமே தவறு. 1958-ஆம் ஆண்டு அரிக்கும் பொருள், வெடிபொருள், அபாயகர ஆயுதச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி, சட்டப்படியான காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது குற்றம். ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. அந்தப் பிரிவில் 'இத்தனை அங்குலம் வரை பரவாயில்லை' என்று எங்கும் இல்லை. கடைக்காரர் ரசீதில் என்ன எழுதினாலும் அது அனுமதிக் கடிதம் ஆகாது. வேலைத் தளத்தில் உர மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கும்போது என் கத்திக்குக் காரணம் இருக்கிறது. அதே கத்தியோடு பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) நின்றால் என்ன காரணம் சொல்வேன்? நம் பிள்ளைகள் பலர் அழகுக்காக இதை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிகிறார்கள். கடைக்காரர்கள் இந்த 'மூணு இஞ்ச்' கதையைச் சொல்லித்தான் அவர்களுக்கு விற்கிறார்கள். ரோட்பிளாக்கில் மாட்டினால் கடைக்காரர் வந்து நிற்க மாட்டார். தயவுசெய்து வீட்டில் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் என் கத்தி இப்போது கருவிப் பெட்டிக்குப் போய்விடுகிறது. பாக்கெட்டில் இருப்பது தளத்தில் மட்டும்.

சட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது, ஏமாந்தவர்களுக்குத் தேவையானதையும் சொல்லிவிடுகிறேன். 'திரும்பப் பெறப்படாது' என்று சுவரில் ஒட்டிவிட்டால் கடைக்காரர் பொறுப்பு தீர்ந்துவிடாது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருள் சொன்ன உபயோகத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்றும், சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. கூலி வாங்கிக்கொண்டு கிளிப் மாற்றுவதும் சேவைதான். திரிபுனலில் 5 வெள்ளி கட்டி, படிவம் 1 நிரப்பிக் கொடுத்தால் போதும். கோரிக்கை 50,000 வெள்ளி வரை போகலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் தேவையில்லை.

ஒன்று மட்டும் எனக்கு மிகவும் வருத்தம். உடலில் ஏற்பட்ட காயத்துக்கான நஷ்டத்தைத் திரிபுனல் விசாரிக்காது. சட்டமே அதை விலக்கி வைத்திருக்கிறது. அதற்கு சிவில் நீதிமன்றம்தான் போக வேண்டும். ஆகவே நான் கேட்டிருப்பது கத்தியின் விலையும் கூலியும்தான். வேலைக்குப் போக முடியாத நாட்களின் சம்பளம் அதில் சேரவில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது நேர்ந்தால் இந்த வித்தியாசத்தை முதலிலேயே தெரிந்துகொண்டு போங்கள். ரசீது, பொருள், படம் மூன்றையும் அப்படியே வைத்திருங்கள். நான் அந்த ஸ்குருவைக்கூட ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறேன்.

அப்படியானால் பெரிய கத்தியை எப்படித்தான் வைத்துக்கொள்வது? கத்தியைத் துளைக்காதீர்கள், காற்சட்டையை மாற்றுங்கள். நான் பட்டர்வொர்த்தில் ஒரு தையல்காரம்மாவிடம் கொடுத்து, வலது பாக்கெட்டுக்குள் பின்தையலை ஒட்டிக் கெட்டிக் காக்கித் துணியில் ஒடுக்கமான உள்பை ஒன்று தைத்துக்கொண்டேன். கத்தி அதில் நேராக நிற்கிறது, அலகின் முதுகு தையல் பக்கம், வெளியே ஒன்றும் நீட்டவில்லை. சாவி, சில்லறை எல்லாம் வேறு பாக்கெட்டில். சாதாரணப் பாக்கெட்டின் உள்துணி மெல்லியது. இந்த எடைக்குச் சீக்கிரம் ஓட்டை விழும். இடுப்புப் பட்டை இறுக்கமாக இல்லாவிட்டால் காற்சட்டை ஒரு பக்கம் இறங்கும். இன்னும் பெரிய கத்தி என்றால் பாக்கெட்டையே மறந்துவிடுங்கள். பக் 110 போன்ற கனமான கத்தியை இடுப்புப் பட்டையில் கோர்க்கிற தோல் உறையோடு விற்பது காரணத்தோடுதான். மரக் கைப்பிடி பிடிக்கும் என்பவர்களுக்கு ஓப்பினெல் 10-ஆம் எண் இருக்கிறது. அலகு 10 சென்டிமீட்டர்தான், எடை மிகக் குறைவு. இப்போது வருகிறவற்றில் கழுத்து வளையத்தைத் திருப்பினால் மூடிய நிலையிலும் பூட்டிக்கொள்ளும். வியர்வையில் துருப்பிடிக்காத எஃகு வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

ஏற்கெனவே எங்காவது கிளிப் மாற்றியிருக்கிறீர்களா? இன்றே எடுத்துப் பாருங்கள். மெதுவாக மூடும்போது கடைசியில் அந்த 'டக்' கேட்க வேண்டும். பிறகு, பக்கத்தில் ஆள் இல்லாத இடத்தில், மூடிய கத்தியை அலகின் முதுகு தரையைப் பார்க்கும்படி பிடித்து வலுவாகக் கீழ்நோக்கி உதறுங்கள். விரல்கள் அலகு வரும் வழியில் இருக்கக் கூடாது. அலகு அசைந்தால் அதைப் பாக்கெட்டில் வைக்காதீர்கள். ஸ்குரு முனை உள்ளே தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வலது பாக்கெட்டில் மாட்டி, அலகின் முதுகு முன்பக்கம் பார்த்தால் கிளிப்பைக் கழற்றிவிடுங்கள்.

ஜார்ஜ் டவுனில் இதே வேலையைச் செய்து இதே மாதிரி ஸ்குரு போட்டு வாங்கியவர்கள் இருந்தால், ரசீதும் படமும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். "நிறைய பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன்" என்று அவர் என்னிடம் சொன்னார். அந்த நிறைய பேர் யார் என்று விசாரணைக்கு முன் எனக்குத் தெரிய வேண்டும்.