மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் மருந்துகள்: மிதமாகத் தொடங்குவதா, வீரியத்தோடு தொடங்குவதா?

உடலின் எதிர்ப்பாற்றலே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் மருந்துகளை ஒப்பிட முற்படுபவர் கண்ணில் முதலில் படுபவை சதவீதங்கள்தாம். மறுதாக்கங்களை, அதாவது நோய் திடீரெனச் சீறும் தருணங்களை, இன்டர்ஃபெரான் பீட்டா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், நாட்டலிசுமாப் 68 சதவீதமும், ஓக்ரலிசுமாப் 46 சதவீதமும் குறைத்ததாக அவற்றின் முதன்மை ஆய்வுகள் சொல்கின்றன. இந்த எண்களை இறங்குவரிசையில் அடுக்கி, ஓக்ரலிசுமாப் நடுத்தரமான மருந்து என்று முடிவுகட்டினால் ஏமாந்துபோவோம். நாட்டலிசுமாப் போட்டியிட்டது வெற்று மருந்தோடு, அதாவது மருந்துச் சத்து எதுவும் இல்லாத போலி மருந்தோடு. ஓக்ரலிசுமாப் போட்டியிட்டதோ ஏற்கெனவே பலன் தரும் இன்டர்ஃபெரானோடு. போதாக்குறைக்கு, வெற்று மருந்துப் பிரிவுகளும் ஒன்றுபோல் இருந்ததில்லை. 1993இல் வெளியான இன்டர்ஃபெரான் ஆய்வில் அப்பிரிவினர் ஆண்டுக்குச் சராசரியாக 1.27 முறை மறுதாக்கத்துக்கு ஆளானார்கள்; 2006இல் வெளியான நாட்டலிசுமாப் ஆய்வில் அது 0.73 மட்டுமே. வெவ்வேறு மைதானங்களில் ஓடியவர்களின் நேரத்தை வைத்து யார் வேகமானவர் என்று சொல்வது போன்றதுதான் இந்த அடுக்கல்.

ஆகவே, ஒரே ஆய்வுக்குள் நேருக்கு நேர் மோதிய மருந்துகளையே நான் நம்புகிறேன். அவ்வாறு பார்த்தால் மறுதாக்கத்தைத் தடுப்பதில் ஓக்ரலிசுமாப் போன்ற வீரிய மருந்துகளின் கை ஓங்கியிருப்பதில் ஐயமில்லை. ஓக்ரலிசுமாபின் இரட்டை ஆய்வுகளில் ஆண்டு மறுதாக்க விகிதம் 0.16 ஆகவும், இன்டர்ஃபெரான் பெற்றவர்களிடம் 0.29 ஆகவும் இருந்தது. ஒஃபாட்டுமுமாப் என்ற வீரிய மருந்தை டெரிஃப்ளுனோமைட் என்ற மிதமான மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வுகளிலும் வித்தியாசம் பாதிக்கும் குறையாமல் இருந்தது.

ஆனால், நோயாளியின் உண்மையான அச்சம் மறுதாக்கம் அன்று, ஊனம். இங்கே எண்களை இன்னும் நிதானமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. மேற்சொன்ன ஓக்ரலிசுமாப் ஆய்வுகளில் 12 வாரங்கள் நீடித்த ஊன முன்னேற்றம் 9.1 சதவீதத்தினருக்கும், இன்டர்ஃபெரான் பிரிவில் 13.6 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டது. ஊனம் எப்போது ஏற்பட்டது என்பதையும் கணக்கில் கொண்டு, இதை அபாயத்தில் 40 சதவீதக் குறைவு என்றும் சொல்லலாம்; ஏறத்தாழ இரண்டாண்டுகளில் நூறு பேரில் நான்கைந்து பேர் கூடுதலாகத் தப்பினார்கள் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மையே, எனினும் மருந்து விளம்பரங்களில் முதலாவதுதான் பெரிய எழுத்தில் வரும். மிதமான மருந்தில் தொடங்கி, நோய் அடங்காவிட்டால் மட்டும் படியேற வேண்டும் என்போர் இந்தச் சிறிய வித்தியாசத்தையே சுட்டுகிறார்கள். இன்டர்ஃபெரானுக்கும் 1996இல் வந்த கிளாட்டிராமருக்கும் பல பத்தாண்டுப் பாதுகாப்பு அனுபவம் இருப்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். காய்ச்சலும் உடல்வலியும் ஊசி போட்ட இடத்தில் எரிச்சலும் தொல்லைகள்தாம், ஆனால் உயிருக்கு ஆபத்து மிக அரிது.

எதிர்த்தரப்பின் வாதம் காலத்தைப் பற்றியது. இரண்டாண்டு ஆய்வில் சிறிதாகத் தெரியும் இடைவெளி பத்தாண்டில் விரியக்கூடும். இழந்த நரம்பிழையை எந்த மருந்தும் மீட்டுத் தராது. ஸ்வீடனில் தொடக்கத்திலேயே வீரிய மருந்து தரும் வழக்கம் டென்மார்க்கைவிட மிகுதி. இரு நாட்டுப் பதிவேடுகளை ஒப்பிட்ட ஆய்வு, ஊனம் மோசமாவது ஸ்வீடனில் குறைவு என்று கண்டது. குலுக்கல் முறையில் பிரிக்கப்படாத நோயாளிகள் என்பதால் இதை இறுதிச் சான்றாகக் கொள்ள முடியாது. இருந்தும், எம்.ஆர்.ஐ.யில் புதிய தழும்புகள் தொடர்ந்து தெரியும் இளம் நோயாளிக்கு மிதமான மருந்தைத் தந்து காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

வீரிய மருந்துகளுக்குள்ளும் அவிழ்க்கவேண்டிய முடிச்சுகள் உண்டு. 2004இல் ஒப்புதல் பெற்ற நாட்டலிசுமாப், ஜேசி வைரஸ் மூளையைத் தாக்கும் அபாயத்தால் 2005இல் திரும்பப் பெறப்பட்டு, 2006இல் கட்டுப்பாடுகளோடு மீண்டும் வந்தது. இன்று அந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இல்லாதவருக்கு அது மிக வேகமான, ஓரளவு நிம்மதியான தேர்வு. எதிர்ப்பொருள் அதிகமாக உள்ளவருக்கு நீண்ட காலம் தருவது ஆபத்து. நிறுத்தினாலோ நோய் முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பக்கூடும். ஓக்ரலிசுமாபை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றினால் போதும், நிறுத்தியவுடன் அத்தகைய சீற்றமும் பொதுவாக வருவதில்லை; மாறாக, ஆண்டுகள் செல்லச் செல்லத் தொற்றுகளும், தடுப்பூசிகளுக்கு உடல் சரிவர எதிர்வினை காட்டாமையும் கவலை தருகின்றன. 2010இல் முதல் மாத்திரையாக வந்த ஃபிங்கோலிமாட் வசதியானது, ஆனால் முதல் வேளையில் இதயத்துடிப்பைக் குறைப்பதால் கண்காணிப்பு தேவை.

மறுதாக்கமின்றி மெல்ல மெல்ல முற்றும் வகைக்கு வந்தால், மேற்கண்ட வாதங்களில் பெரும்பகுதி வலுவிழந்துவிடுகிறது. தொடக்கம் முதலே இப்படி முற்றும் முதல்நிலை வகையில் ஓக்ரலிசுமாப் பெற்றவர்களில் 32.9 சதவீதத்தினரும், வெற்று மருந்து பெற்றவர்களில் 39.3 சதவீதத்தினரும் மோசமடைந்தார்கள். அண்மையில் ஆய்வு செய்யப்பட்ட டோலிப்ருட்டினிப் என்ற மருந்து, மறுதாக்கத்தைக் குறைப்பதில் டெரிஃப்ளுனோமைடை வெல்லவில்லை. ஆனால், மறுதாக்கங்களோடு தொடங்கி, அவை ஓய்ந்தபின் மெல்ல முற்றும் இரண்டாம்நிலை வகை நோயாளிகளின் ஊனத்தை வெற்று மருந்தைவிடத் தாமதப்படுத்தியது. மறுதாக்க எண்ணிக்கை ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்திருந்தால், அந்த மருந்து முதல் சுற்றிலேயே குப்பைக்குப் போயிருக்கும்.